இணையம் எங்கே அறுந்தது? – லினக்ஸ் பயில்வோர்க்கு ஒரு வழித்துணை

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்போ, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதுவகைச் செயலியும் இல்லாத கணினிகளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆதலால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பல பழையவை என்று முத்திரை பெற்று மூலையில் சாய்ந்து கிடக்கின்றன. 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளும் அவற்றுள் உண்டு. அண்ணன் படித்து முடித்த கணினியில் தங்கை படிப்பது நம் இல்லங்களின் வழக்கம். அத்தகைய கணினிகளுக்கு இரண்டாவது வாழ்வு தரவல்லது லினக்ஸ்.

பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிவைத்த பணி இது. உபுண்டு, டெபியன், மின்ட் எனப் பல பெயர்களில் இன்று கிடைப்பவை யாவும் அதன் மேல் எழுந்த கட்டடங்கள். இவற்றை விலையின்றிப் பெறலாம். படியெடுத்துப் பிறர்க்கும் கொடுக்கலாம். அதற்கு உரிமமே இடம் தருகிறது. உண்ணும் உணவில் ஹலால், ஹராம் பேணும் இல்லங்களிலும் திருட்டு மென்பொருளை நிறுவிக்கொள்வதை ஒரு குற்றமாகவே எண்ணாத போக்கு நிலவுகிறது என்பதை நாம் வருத்தத்துடன் குறிக்க வேண்டியுள்ளது. மென்பொருளும் ஒருவரின் உழைப்பன்றோ? லினக்ஸைக் கைக்கொள்வோர்க்கு அந்த உறுத்தல் இல்லை.

ஆயினும், ஆர்வத்தோடு வந்தவரை ஒரே வாரத்தில் விரட்டிவிடும் தொல்லை ஒன்று உண்டு. இணையம் வராமல் நின்றுபோவதே அது. உதவித்தொகை விண்ணப்பத்திற்கு மறுநாள் இறுதி நாளாக இருக்கும். தேர்வு நுழைவுச்சீட்டை இறக்கியெடுக்க வேண்டியிருக்கும். துபாயிலோ தம்மாமிலோ பணிபுரியும் தந்தை பேசுவதற்காகக் காத்திருப்பார். அந்த நேரத்தில் திரையில் ஒரு பக்கமும் திறவாது. கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகின்றனர். "இந்த லினக்ஸ் எல்லாம் சரிப்படாது" என்று சொல்லி, கடைக்காரர் வன்தட்டை முழுவதும் அழித்து, உரிமமற்ற வேறொரு இயங்குதளத்தை நிறுவிக் கொடுக்கிறார். மாணவி எழுதிவைத்த ஆய்வேடு, குடும்பப் படங்கள், பாட்டனார் குரலில் பதிவுசெய்த பழங்கதைகள் எல்லாம் அழிவோடு அழிவாகப் போய்விடுகின்றன. நாம் அறிந்த நிகழ்வுகள் பலவற்றில் மூலப்பழுது பத்து நிமிடத்தில் தீரக்கூடியதாகவே இருந்தது. ஆகவே அப்பழுதைத் தேடும் முறையை இங்கே விரித்துரைக்க முனைகிறோம்.

இணையம் என்பது பல கைகள் மாறிச் செல்லும் ஓர் அஞ்சல் போன்றது. வீட்டில் எழுதிய கடிதம் தெருமுனைப் பெட்டிக்குப் போகிறது. பின் ஊர் அஞ்சலகம், பின் தொடர்வண்டி, பின் அயலூர் அஞ்சலகம், முடிவில் உரியவரின் கதவு. கடிதம் சேரவில்லை என்றதும் எழுதிய பேனாவை உடைத்துப் போடுவார் உண்டோ? எந்தக் கையில் தங்கிவிட்டது என்றுதானே வினவுவோம்? கணினியிலுள்ள வைஃபைச் சில்லு, வீட்டு ரூட்டர், சேவை நிறுவனம், வெளியுலகம், பெயர்களை எண்களாக மாற்றித் தரும் பணியகம், இறுதியாக உலாவி. இவ்வரிசையில் அருகிலிருந்து தொடங்கித் தொலைவு நோக்கிச் சோதித்துச் செல்ல வேண்டும். ஒரு கண்ணி சரியாக இருக்கிறது என்று உறுதிப்பட்ட பின்னரே அடுத்ததற்குப் போக வேண்டும்.

தொடங்குமுன் ஒரு குறிப்பு. இக்கட்டுரையில் வரும் கட்டளைகளைத் தமிழெழுத்திலேயே தருகிறோம்; கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். தமிழை அரபு எழுத்தில் வடித்து அரபுத் தமிழ் என்னும் ஒரு மரபையே வளர்த்த முன்னோரின் வழிவந்த நமக்கு, ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியின் எழுத்தில் காண்பது புதிதன்று.

முதலில் வீடு, பிறகு கணினி

கைப்பேசியை எடுத்து, அதே வைஃபையில் இணையம் வருகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. இதில் பலரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இல்லையேல், வைஃபை செத்துக் கிடந்தாலும் கைப்பேசி தன் சொந்த வழியில் பக்கங்களைக் கொணர்ந்து காட்டும். நாமோ குற்றமற்ற கணினியின் மேல் பழிசுமத்திக்கொண்டிருப்போம்.

கைப்பேசியிலும் வரவில்லையெனில் லினக்ஸின் மேல் குற்றமில்லை. ஒளியிழை இணைப்புள்ள வீடுகளில் ரூட்டரின் முகப்பைப் பார்க்க. எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், இழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். சாலை தோண்டியதில் இழை அறுந்திருக்கலாம். வீட்டுக்குள்ளேயே அலமாரிக்குப் பின்னால் கூர்மையாக மடிந்திருக்கலாம். கண்ணாடியிழை செம்புக்கம்பி போன்றதன்று. மிகுதியாக மடித்தால் ஒளி கசிந்துவிடும். மடிப்பை நேராக்கியும் சிவப்பு மாறவில்லையெனில் சேவை நிறுவனத்திடம் முறையிடுவதொன்றே வழி. விளக்குகள் யாவும் ஒழுங்காக இருந்தும் இணையம் வராவிடில், மாதக் கட்டணம் முடிந்துவிட்டதா என்று பார்க்க. பிறகு ரூட்டரின் மின்னிணைப்பைப் பிடுங்கி, அரை நிமிடம் கழித்துச் செருகி, இரண்டு மூன்று நிமிடங்கள் பொறுத்துப் பார்க்கலாம். இது மூடநம்பிக்கை அன்று. ரூட்டரும் நினைவகம் உடைய ஒரு சிறு கணினியே. பல ரூட்டர்களுக்குள் ஓடுவதும் லினக்ஸ்தான்!

சில்லு விழித்திருக்கிறதா?

கைப்பேசியில் இணையம் வந்து கணினியில் வரவில்லையெனில் தேடல் கணினிக்குள் நுழைகிறது. திரையின் கீழ்மூலையிலோ மேல்மூலையிலோ வலையமைப்புச் சின்னம் இருக்கும். அதைச் சொடுக்கினால் அக்கம்பக்கத்து வைஃபைப் பெயர்கள் பட்டியலாகத் தெரிய வேண்டும்.

பட்டியலே வரவில்லையெனில் இரண்டில் ஒன்று. வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறது, அல்லது சில்லை இயக்கும் மென்பொருள் இல்லை. முன்னதை அறிய முனையத்தைத் திறக்க. உபுண்டு, மின்ட் ஆகியவற்றில் கன்ட்ரோல், ஆல்ட் ஆகிய விசைகளை அழுத்தியபடி டி எழுத்தைத் தட்டினால் முனையம் திறக்கும். அங்கே 'ஆர்எஃப்கில்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு 'லிஸ்ட்' என்று எழுதி, என்டர் விசையைத் தட்டுக. ஒவ்வொரு வானொலிக் கருவிக்கும் 'சாஃப்ட்', 'ஹார்டு' என இரண்டு தடைகளின் நிலை தெரியும். 'சாஃப்ட்' தடை 'யெஸ்' என்றிருந்தால் விமானப் பயன்முறை இயங்குகிறது. சின்னத்தின் வழியே அதை நீக்கிவிடலாம். 'ஹார்டு' தடை 'யெஸ்' என்றிருந்தால் எந்தக் கட்டளைக்கும் அது அசையாது. மடிக்கணினியின் பக்கவாட்டில் ஒரு சிறு பொத்தானோ, மேல்வரிசை விசைகளில் ஒன்றோ அதைத் தாங்கி நிற்கும். தூசி துடைக்கும்போது தள்ளப்பட்ட அந்தப் பொத்தானுக்காக வன்தட்டே அழிக்கப்பட்ட கதைகளை நாம் கேட்டிருக்கிறோம்.

இரண்டாவது காரணம் சற்றுச் சிக்கலானது. வைஃபைச் சில்லுகள் சிலவற்றுக்கு, அவற்றுக்குள் ஏற்றப்பட வேண்டிய ஃபர்ம்வேர் என்னும் நுண்மென்பொருளைச் சில்லு செய்த நிறுவனமே தருகிறது. அதன் மூலநிரல் வெளியிடப்படுவதில்லை. கட்டற்ற மென்பொருள் கொள்கையை இறுகப் பற்றிய டெபியன், 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த 12ஆம் பதிப்பு வரை அத்தகையவற்றைத் தன் முறையான நிறுவல் வட்டில் சேர்க்காமலே இருந்தது. பிராட்காம் நிறுவனத்தின் பழைய சில்லுகள் பலவற்றுக்கு இன்றும் தனியாக இயக்கி நிறுவ வேண்டும். இங்கேதான் புதியவர்கள் திகைக்கின்றனர். இயக்கியைப் பெற இணையம் வேண்டும். இணையத்தைப் பெற இயக்கி வேண்டும். பூட்டிய பெட்டிக்குள் சாவி!

இப்பூட்டைத் திறக்கும் எளிய வழி கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியுடன் இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குக. லினக்ஸ் அதைக் கம்பிவழி வந்த ஒரு வலையமைப்பாகவே ஏற்றுக்கொள்ளும். பெரும்பாலும் வேறெதுவும் நிறுவத் தேவையில்லை. கம்பி மட்டும் சரியானதாக இருக்க வேண்டும். மலிவான கம்பிகள் சில மின்னூட்டத்தை மட்டுமே கடத்தும், தரவைக் கடத்துவதில்லை. இவ்வாறு தற்காலிக இணையம் பெற்ற பின், மின்டிலுள்ள 'டிரைவர் மேனேஜர்' என்னும் கருவியைத் திறந்தால், கணினிக்குத் தேவையான இயக்கியை அதுவே கண்டறிந்து பரிந்துரைக்கும். நிறுவி, கணினியை மீளத் தொடங்கினால் வைஃபைப் பட்டியல் தோன்றக் காணலாம்.

பட்டியல் வருகிறது, ஆனால் நம் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை என்பாரும் உளர். புதிய ரூட்டர்கள் 2.4, 5 என இரண்டு கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஒலிபரப்புகின்றன. பழைய சில்லுகளுள் பல முன்னதை மட்டுமே கேட்கும் செவியுடையவை. ரூட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருந்தால் இயக்கிவிட வேண்டும்.

எண்ணும் வாயிலும்

வைஃபையில் சேர்ந்தாயிற்று; பக்கம் திறக்கவில்லை. இப்போது கணினிக்கு ஒரு கதவெண் கிடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முனையத்தில் 'ஐபி' என்று எழுதி, இடைவெளி விட்டு 'ஏ' என்று எழுதுக. வரிகள் பல ஓடும், அஞ்ச வேண்டா. 'ஐநெட்' என்னும் சொல்லை அடுத்து வரும் எண்களை மட்டும் நோக்குக. 127.0.0.1 என்பது கணினி தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் எண், அதைத் தள்ளிவிடலாம். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் எண் இருந்தால் ரூட்டர் கதவெண் கொடுத்துவிட்டது. எண்ணே இல்லாவிடினும், 169.254 என்று தொடங்கினாலும் அது கொடுக்கவில்லை.

எல்லா வீடுகளிலும் 192.168 ஏன் வருகிறது என்று மாணவர் வினவுவதுண்டு. இப்பழைய முறையில் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி எண்கள்தாம் அமையும். உலகிலுள்ள கருவிகளுக்கு அவை போதா. ஆகவே சில எண் வரிசைகளை வீடுகளும் நிறுவனங்களும் தமக்குள் மட்டும் புழங்கிக்கொள்ளலாம் என ஒதுக்கி 1996இல் நெறி வகுத்தனர். ஒவ்வொரு தெருவிலும் ஒரு 5ஆம் எண் வீடு இருப்பது போன்றதே இது. தெருவுக்குள் குழப்பம் இல்லை. வெளியிலிருந்து வருவோர்க்குத் தெருவின் பெயர் வேண்டும். அந்தத் தெருப்பெயரைத் தன்னிடம் வைத்திருப்பது ரூட்டர்.

எண் கிடைக்கவில்லையெனில், பெரும்பாலும் ரூட்டரின் கடவுச்சொல்லை வீட்டில் யாரோ மாற்றியிருப்பர். கணினி பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். சேமித்த வலையமைப்பை 'ஃபர்கெட்' என்று நீக்கிவிட்டு, புதிதாகக் கடவுச்சொல் இட்டுச் சேர்க. அதன் பின்னும் எண் வராவிடில், 'சூடோ', 'சிஸ்டம்சிடிஎல்', 'ரீஸ்டார்ட்', 'நெட்வொர்க்மேனேஜர்' என்னும் நான்கு சொற்களையும் இடைவெளி விட்டு எழுதி என்டர் தட்டினால், வலையமைப்பைக் கவனிக்கும் பணி மட்டும் மீளத் தொடங்கும். நான்காம் சொல்லில் என், எம் ஆகிய இரண்டு எழுத்துகளும் பேரெழுத்துகளாக இருக்க வேண்டும். அப்போது கணினி நம் கடவுச்சொல்லைக் கேட்கும். பல கணினிகளில் தட்டத் தட்டத் திரையில் ஒன்றும் தோன்றாது, புள்ளிகூட விழாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று கலங்கியோர் பலர். அருகிலிருப்பவர் எழுத்துகளின் எண்ணிக்கையைக்கூட அறியலாகாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

கதவெண் இருந்தால் அடுத்தது வாயில். 'ஐபி' என்று எழுதி, இடைவெளி விட்டு 'ரூட்' என்று எழுதுக. 'டிஃபால்ட் வயா' என்று தொடங்கும் வரியில் ரூட்டரின் எண் இருக்கும். 192.168.1.1 என்று இருப்பதாகக் கொள்வோம். இப்போது 'பிங்' என்று எழுதி, இடைவெளி விட்டு அவ்வெண்ணை எழுதித் தட்டுக.

இந்தப் பிங் என்னும் கட்டளையின் வரலாறு சுவையானது. அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் 1983ஆம் ஆண்டு டிசம்பரில் இதை எழுதினார். நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்டுத் தொலைவு அறிகின்றன அல்லவா? அந்த ஒலியின் பெயரையே தம் நிரலுக்குச் சூட்டினார். நம் கடலோர ஊர்களில் விசைப்படகுகளில் ஆழமும் மீன்கூட்டமும் காட்டும் எக்கோ சவுண்டரைப் பார்த்தவர்க்கு இதன் தத்துவம் சொல்லாமலே விளங்கும். ஒரு சிறு பொதியை அனுப்புகிறோம். அது திரும்ப எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்று கணினி வரி வரியாக எழுதுகிறது. லினக்ஸில் இது தானாக நிற்பதில்லை. கன்ட்ரோல் விசையுடன் சி எழுத்தைத் தட்டினால் நிற்கும். எத்தனை போயின, எத்தனை தொலைந்தன என்னும் கணக்கையும் தரும். ரூட்டருக்கு அனுப்பியவற்றிலேயே பல தொலைந்தால் வைஃபை வலுவிழந்திருக்கிறது. கணினியை ரூட்டருக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும்.

ரூட்டர் மறுமொழி தந்தால் வீட்டைத் தாண்டுவோம். 'பிங்' என்பதை அடுத்து 8.8.8.8 என்று எழுதுக. கூகுள் நிறுவனம் 2009இல் பொதுமக்களுக்காகத் திறந்துவைத்த பணியகத்தின் எண் அது. 2018இல் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் திறந்த 1.1.1.1 என்பதையும் பயன்படுத்தலாம். ரூட்டர் வரை சென்று இவ்வெண் வரை செல்லவில்லையெனில் பழுது பெரும்பாலும் ரூட்டருக்கு அப்பால் இருக்கிறது. ரூட்டருக்குள் ஒரு கணினியை மட்டும் தடுத்துவைக்கும் அமைப்பும் உண்டு. பிள்ளைகளின் இணைய நேரத்தை அளவிடத் தந்தையார் அமைத்த பூட்டு அது. வீட்டாரைக் கேட்பது நலம்.

எண் போகிறது, பெயர் போகவில்லை

இனி வருவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. எண்ணுக்கு மறுமொழி வருகிறது. ஆயினும் உலாவியில் எந்தத் தளமும் திறவாது. பிங் கட்டளையுடன் ஒரு தளத்தின் பெயரை எழுதினால் 'டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்' என்னும் வரி வருகிறது. வந்ததா? மகிழ்க! இணையம் அறுபடவே இல்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்னும் ஏற்பாடு மட்டுமே தவறியிருக்கிறது.

கணினிகள் பெயரை அறியா, எண்ணையே அறியும். தொடக்கக் காலத்தில் வலையமைப்பிலிருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டு, கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பேணப்பட்டன. மற்றவர்கள் அதைப் படியெடுத்துக்கொண்டனர். கணினிகள் பெருகவே பட்டியல் தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ், ஒரே பட்டியலுக்கு மாற்றாக, பொறுப்பைப் பலரிடம் பகிர்ந்தளிக்கும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். ஒருவரிடம் விடை இல்லையெனில், யாரிடம் இருக்கும் என்று அவர் காட்டிவிடுவார். ஊருக்குப் புதியவர் ஒருவர் ஜமாஅத் அலுவலகத்தில் வினவ, அவர்கள் தெருப் பெரியவரைக் காட்ட, பெரியவர் வீட்டைக் காட்டுவது போன்ற ஒழுங்கு அது.

நம் வீட்டுக் கணினி அந்த வினாவை வழக்கமாக ரூட்டரிடமும், ரூட்டர் சேவை நிறுவனத்தின் பணியகத்திடமும் கேட்கும். அப்பணியகம் மந்தமானால் இணையமே மாண்டதுபோல் தோன்றும். மாற்று வழி எளிது. வலையமைப்பு அமைப்புகளில் நம் வைஃபையைத் தேர்ந்து, ஐபிவி4 என்னும் பகுதியில் டிஎன்எஸ் தானாகப் பெறப்படுவதை நிறுத்தி, 1.1.1.1, 8.8.8.8 என்னும் எண்களைக் காற்புள்ளியிட்டு எழுதிச் சேமிக்க. இணைப்பை ஒருமுறை துண்டித்து மீண்டும் சேர்ந்தால் பெயர்கள் உயிர்பெறும். 'ரிசால்வ் டாட் கான்ஃப்' என்னும் கோப்பைத் திறந்து நேரடியாகத் திருத்தச் சொல்வோரும் உளர். உபுண்டு, மின்ட் போன்றவற்றில் அக்கோப்பில் 127.0.0.53 என்னும் எண் இருக்கும். கணினிக்குள்ளேயே வினாக்களை வாங்கிக்கொள்ளும் ஓர் உள்ளகப் பணியாளரின் எண் அது. பிழையென்று கருதி அதை அழித்துவிடலாகாது. கையால் திருத்தியவை அடுத்த முறை கணினி தொடங்கும்போது பெரும்பாலும் மறைந்தும் போகும்.

பெயரும் போகிறது, எண்ணும் போகிறது, உலாவி மட்டும் மறுக்கிறது என்னும் நிலையும் உண்டு. கல்லூரி மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்க. கல்வி நிலையங்கள் சிலவற்றில் இணையம் ப்ராக்ஸி என்னும் இடைத்தரகர் வழியே மட்டும் செல்லும். அங்கே பயன்படுத்துவதற்காக மடிக்கணினியில் அதன் எண்ணைப் பதிந்திருப்பர். வீட்டுக்கு வந்த பின்னும் உலாவி அந்த இடைத்தரகரையே தேடி நிற்கும். அவரோ கல்லூரி மதிலுக்குள் இருக்கிறார். விடுமுறை முழுவதும் இணையமின்றி இருந்த மாணவர் ஒருவர் மடிக்கணினியை நம்மிடம் கொணர்ந்தார். எண்ணும் பெயரும் பிங்கில் தடையின்றிச் சென்றன. அமைப்புகளில் ப்ராக்ஸி என்னும் பகுதியில் 'மேனுவல்' என்று இருந்ததை 'நன்' என்று மாற்றியதும் பக்கங்கள் திறந்தன. ஃபயர்பாக்ஸ் உலாவி இதைத் தனக்குள் தனியாகவும் வைத்துக்கொள்ளும்; இரண்டிடத்தும் பார்க்க வேண்டும். மறந்துபோன விபிஎன் செயலியும் இதே குறும்பைச் செய்யும்.

பழைய மேசைக்கணினிகளில் மற்றொரு விந்தை நேர்வதுண்டு. எல்லாம் சரியாக இருக்கும்; உலாவி மட்டும் தளத்துக்குத் தளம், இந்த இணைப்பு பாதுகாப்பானதன்று என்று எச்சரிக்கும். கணினியின் கடிகாரத்தைப் பார்க்க. தாய்ப்பலகையில் சிஆர்2032 என்னும் 3 வோல்ட் நாணய மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாத வேளையிலும் கடிகாரத்தை ஓடச்செய்வது அதுவே. அது தீர்ந்துவிட்டால் கணினி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களில் தொடக்க நாளும் முடிவு நாளும் குறிக்கப்பட்டுள்ளன. பத்தாண்டு முந்தைய நாளில் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் யாவும் இன்னும் பிறவாதவை. ஆகவே ஏற்க மறுக்கிறது. முனையத்தில் 'டேட்' என்று எழுதினால் கணினி நம்பும் நாள் தெரிந்துவிடும். நேரத்தைத் திருத்தி, தானியங்கி நேரம் என்பதை இயக்கி, மின்கலத்தை மாற்றிவிட்டால் தொல்லை ஒழிந்தது. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்போர்க்குக் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்பின்னாகத் தோன்றுவதுண்டு. ஒன்று உள்ளூர் நேரத்தையும் மற்றொன்று உலகப் பொது நேரத்தையும் சில்லில் எழுதிவைப்பதால் வரும் பூசல் அது. சுவரில் தொழுகை நேர அட்டவணை தொங்கும் வீட்டில் இப்பிழை விரைவில் கண்ணில் பட்டுவிடும்.

இவ்வளவும் பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்க. நான்கை ஒருசேர மாற்றினால், எது தீர்த்தது என்றும் தெரியாது; எது புதிதாகக் கெடுத்தது என்றும் தெரியாது. செய்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருக. நல்ல நிலையில் இருக்கும் நாளிலேயே ரூட்டரின் எண், வைஃபைக் கடவுச்சொல், சேவை நிறுவனத்தின் முறையீட்டு எண் ஆகியவற்றை அதில் எழுதிவைத்திருத்தல் நன்று. இணையம் போன பின் அவற்றை இணையத்தில் தேட இயலாது. பொருள் விளங்காத கட்டளையை, குறிப்பாகச் 'சூடோ' என்று தொடங்குவதை, யார் தந்தாலும் தட்டச்சிட வேண்டா. விளக்கம் கணினிக்குள்ளேயே இருக்கிறது. 'மேன்' என்று எழுதி, இடைவெளி விட்டுக் கட்டளையின் பெயரை எழுதினால் அதன் கையேடு விரியும். அதற்கு இணையம் தேவையில்லை. வெளியேற 'க்யூ' எழுத்தைத் தட்டுக.

அனைத்தும் செய்தும் தீராமல் கடைக்கே செல்ல நேரிட்டால், முதலில் 'ஹோம்' கோப்புறை முழுவதையும் ஒரு பென்டிரைவில் படியெடுத்துக்கொள்க. லினக்ஸில் நாம் எழுதியவையும் சேமித்தவையும் வழக்கமாக அந்த ஒரே இடத்தில்தான் இருக்கும். கணினியே தொடங்காத நிலையிலும், லினக்ஸை நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவைச் செருகி, நிறுவாமல் அதிலிருந்தே இயக்கி, வன்தட்டிலுள்ள கோப்புகளை வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். பிறகு கடைக்காரரிடம் குறிப்பேட்டைக் காட்டி, "ரூட்டர் வரை பிங் போகிறது, வெளி எண்ணுக்குப் போகவில்லை, வன்தட்டை அழிக்க வேண்டா" என்று எழுதியே கொடுத்துவிடுக.